அயல்நாட்டு நிதியில் நடக்கும் பத்திரிகையைச் சுதந்திரப் பத்திரிகை எனலாமா?

மாறன்:
2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவிகளை நிறுத்திவைத்தபோது, தாய்லாந்திலிருந்து இயங்கும் மியான்மர் செய்தி நிறுவனங்கள் முதல் உக்ரைனின் உள்ளூர்ப் பத்திரிகைகள் வரை பலவும் திண்டாடின. அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி முகமையான யுஎஸ்எய்டு 2023-இல் 6,200 செய்தியாளர்களுக்கும் 707 செய்தி நிறுவனங்களுக்கும் கைகொடுத்ததாக ‘எல்லைகளற்ற செய்தியாளர்கள்’ அமைப்பு தெரிவித்தது. இன்னொரு நாட்டின் கருவூலத்தை நம்பிப் பத்திரிகை நடத்துவது முறையா? உள்ளூர் அரசுக்கு அஞ்சாதவர்கள் கொடையாளிக்கு அஞ்சமாட்டார்களா?

செல்வநாயகி:
அஞ்சக்கூடும். ஆனால் மாற்று வழி என்ன என்பதையும் பார்க்க வேண்டும். பல ஏழை நாடுகளில் மிகப் பெரிய விளம்பரதாரர் அந்நாட்டு அரசுதான். அது கையை மடக்கினால், தனியார் நிறுவனங்களும் வம்பு எதற்கு என்று ஒதுங்கிக்கொள்ளும். நார்வேயின் ஆதரவுடன் 1992-இல் ஆஸ்லோவில் தொடங்கப்பட்ட ‘பர்மாவின் ஜனநாயகக் குரல்’ என்ற மியான்மர் செய்தி நிறுவனம் இல்லாதிருந்தால், 2007-இல் அந்நாட்டில் பிக்குகள் நடத்திய போராட்டத்தின் காட்சிகளில் பெரும்பகுதி வெளியுலகை எட்டியிருக்காது. அந்தப் பணத்துக்கு உள்ளூரில் யாரிடம் போய் நிற்பது?

இளவழகன்:
கொடையாகத் தொடங்கினாலும் கொடையிலேயே நிற்க வேண்டியதில்லை என்பதற்கு மலேசியாவின் இணையச் செய்தித் தளமான மலேசியாகினி நல்ல எடுத்துக்காட்டு. 1999-இல் வெளியுதவியுடன் பிறந்த அத்தளம், அயல்நாட்டுப் பணத்தில் நடப்பதாக ஆளுங்கட்சியினரின் வசைக்கு ஆளானது. ஆயினும் 2002-இலேயே வாசகர்களிடம் சந்தா கேட்கத் துணிந்தது. 2021 பிப்ரவரியில், வாசகர்கள் எழுதிய பின்னூட்டங்களுக்காக நீதிமன்ற அவமதிப்பு வழக்கில் அதற்கு 5 லட்சம் ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டபோது, அத்தொகை முழுவதையும் மக்கள் சில மணி நேரத்தில் திரட்டிக் கொடுத்தனர். எனவே பணம் எங்கிருந்து வருகிறது என்பதைவிட, ஒரே கையிலிருந்து வருகிறதா என்பதே என் கவலை.

மாறன்:
ஒரே கை என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை, நன்றி. அப்படியானால் மியான்மர் பத்திரிகைகளும் சந்தாவுக்கு மாறலாம் அல்லவா?

செல்வநாயகி:
மலேசிய வாசகர் அச்சமின்றி வங்கி வழியே சந்தா கட்டினார். 2021 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் உரிமம் பறிக்கப்பட்ட ஒரு மியான்மர் ஊடகத்துக்குப் பணம் அனுப்பும் வாசகர், அந்தப் பரிமாற்றத்தாலேயே சிறைக்குப் போக நேரலாம்.