‘ஆட்டோ’ல வெச்சும் ரெஃப்ரெஷ் ரேட் 120ல இருந்து எறங்க மாட்டேங்குதுங்க

மஞ்சமண்டி_பெருந்துறை

வணக்கமுங்க. மஞ்சள் யாவாரம் பண்றேன். வெள்ளெனவே ஈரோட்டுக்கோ பெருந்துறைக்கோ ஏலத்துக்குப் போயிட்டா மத்தியானம் வரைக்கும் போன் கையிலயேதான் இருக்கும். வாட்ஸ்அப்ல வர்ற லாட் பட்டியலைத் தொறந்து வெச்சுட்டு விரலிக்கு எவ்வளவு, கிழங்குக்கு எவ்வளவுன்னு பார்த்துட்டே நிப்பேன். வீடியோ, கேம் ஒண்ணும் கெடையாது. அப்படியும் மத்தியானச் சோத்துக்கு முன்னாடியே பாதி சார்ஜ் போயிருது.

நடுத்தர விலை போனுங்க. அமோலெட் திரை, 120 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு 120 தடவை திரை புதுசா எழுதிக்கும். செட்டிங்ஸ்ல ‘ஆட்டோ’தான் வெச்சிருக்கேன். டெவலப்பர் ஆப்ஷன்ல ‘ஷோ ரெஃப்ரெஷ் ரேட்’ போட்டுப் பார்த்தா, பட்டியல் அசையாம நிக்கறப்பவும் மூலையில 120ன்னே காட்டுது. போனை மேசை மேல வெச்சுட்டுத் தள்ளி நின்னாலும் அப்படியேதான். அசையாத பக்கத்துக்கு எதுக்குங்க 120? ஒரேடியா 60ல வெச்சுறலாம், ஆனா பட்டியல் தள்ளறப்ப எழுத்து இழுக்குது. என்ன பண்றதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்.

பவானி_கூடுதுறை

அண்ணா, மொதல்ல பிரைட்னஸைப் பாருங்க. ஏலம் நடக்கற எடத்துல வெயில் அடிச்சா திரை தானாவே உச்சத்துக்குப் போயிரும். அமோலெட்ல ஒவ்வொரு புள்ளியும் தானாவே எரியும், அந்த ஒளிக்குப் போற கரண்ட் வேற, படத்தைத் திரும்பத் திரும்ப எழுதறதுக்குப் போற கரண்ட் வேற. ஹெர்ட்ஸ் கொறைஞ்சா ரெண்டாவதுதான் கொறையும். வெள்ளைப் பின்னணியில பட்டியல் தொறந்திருந்தா ஒளிக்கே நிறையப் போயிரும். டார்க் தீம் போட்டு, நெழல்ல நின்னு பாருங்க.

சர்வீஸ்_காந்திபுரம்

பவானிக்காரர் சொன்னது சரிதானுங்க. ஆனா மேசை மேல வெச்சும் 120லயே நிக்குதுன்னா வேற எதோ ஒண்ணு திரையை ஓயாம எழுப்பிட்டே இருக்குது.

120 ஹெர்ட்ஸ்னா 8.3 மில்லி செகண்டுக்கு ஒருக்கா முழுத் திரையையும் மேல இருந்து கீழ வரைக்கும் திரும்ப எழுதறது. 60ன்னா 16.7 மில்லி செகண்டுக்கு ஒருக்கா. படம் மாறலைன்னாலும் இந்த எழுத்து வேலை நடந்துட்டேதான் இருக்கும். ‘ஆட்டோ’ல இருக்கறப்ப, எந்த ஆப்பும் புதுப் படம் அனுப்பலை, விரலும் படலைன்னா சித்த நேரத்துல வேகத்தைக் கொறைச்சுரும். திரையில ஒரு மூலையில ஒரு சின்னது அசைஞ்சாலும் முழுத் திரைக்கும் வேகம் ஏறிக்கும். பட்டியலுக்குத் தனியா, மூலைக்குத் தனியான்னு பிரிச்சு ஓட்டாது.

அதனால கேக்கறேன்: லைவ் வால்பேப்பர், நெட் வேகம் காட்டற மீட்டர், மத்த ஆப்புக்கு மேல மெதந்துட்டு நிக்கற ஐகான், இதுல எதாச்சும் இருக்குதுங்களா?

மஞ்சமண்டி_பெருந்துறை

இருக்குதுங்க! கமாடிட்டி விலை ஓடற ஆப் ஒண்ணு. சின்னப் பட்டையா மேல மெதந்துட்டு, எழுத்து வலத்துல இருந்து எடத்துக்கு ஓடிட்டே இருக்கும். யாவாரத்துக்கு அது வேணுமேன்னு எப்பவும் வெச்சிருக்கறது.

சர்வீஸ்_காந்திபுரம்

அதேதானுங்க. ஆப்ஸ் செட்டிங்ஸ்ல ‘டிஸ்ப்ளே ஓவர் அதர் ஆப்ஸ்’னு இருக்கும், அந்த ஆப்புக்கு மட்டும் அதை அணைச்சுருங்க. விலை வேணுங்கறப்ப ஆப்பைத் தொறந்து பார்த்துக்கலாம், இல்ல குறிப்பிட்ட விலைக்கு வந்தா அலர்ட் வர்ற மாதிரி வெச்சுக்கலாம். அணைச்சுட்டு, பட்டியலைத் தொறந்து வெச்சு, தொடாம எண்ணைப் பாருங்க.

மஞ்சமண்டி_பெருந்துறை

எறங்கிருச்சுங்க! கை எடுத்ததும் சித்த நேரத்துல 60 காட்டுது. ரொம்ப நன்றிங்க. ஆனா அதுக்குக் கீழ போகவே மாட்டேங்குது. பங்காளி போன்ல 1 வரைக்கும் போகுதுன்னு சொல்றாப்ல. இன்னும் எதாச்சும் மாத்தணுங்களா?

சர்வீஸ்_காந்திபுரம்

அது செட்டிங்ஸ்ல வர்றதில்லீங்க, திரையோட பொறப்பு. ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னாடியும் ஒரு சின்ன கெபாசிட்டர் இருக்குது. அந்தப் புள்ளி எவ்வளவு வெளிச்சமா எரியணுங்கறதை அதுல இருக்கற வோல்டேஜ்தான் சொல்லும். வழக்கமான, எல்டிபிஎஸ்ங்கற வகைத் திரையில அந்த வோல்டேஜ் டிரான்சிஸ்டர் வழியாக் கசியும். அடியில ஓட்டை விழுந்த தோட்டத்துத் தொட்டி மாதிரி, அடிக்கடி ஊத்திட்டே இருக்கணும். ஊத்தறதைத் தள்ளிப்போட்டா வெளிச்சம் ஏறி எறங்கித் திரை மினுங்கும். எல்டிபிஓங்கற இன்னொரு வகைத் திரையில கசியற எடத்துல ஆக்சைடு டிரான்சிஸ்டர் வெச்சிருப்பாங்க. கசிவு ரொம்பக் கம்மிங்கறதால ஒரு செகண்டு வரைக்கும் தாங்கும், அதாவது 1 ஹெர்ட்ஸ். 2019ல வந்த ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 5 எப்பவும் மணி காட்டிட்டே இருக்க முடிஞ்சது இதனாலதான். ஐபோன்ல 13 ப்ரோ 10 வரைக்கும் எறங்குச்சு, 14 ப்ரோவுலதான் 1க்கு வந்துச்சு.

உங்க பங்காளி போன் எல்டிபிஓவா இருக்கும். உங்களுது எல்டிபிஎஸ். 60தான் அதோட அடி, அதுக்குக் கீழ தள்ளறேன்னு சொல்ற ஆப் எதையும் போட்டுறாதீங்க. அடுத்த போன் எடுக்கறப்ப ‘120 ஹெர்ட்ஸ்’ங்கறதை மட்டும் பார்க்காம, ‘1 முதல் 120’ன்னு போட்டிருக்குதான்னு கேளுங்க. உங்களை மாதிரி ஒரே பக்கத்தை மணிக்கணக்கா தொறந்து வெக்கறவங்களுக்குத்தான் அது நல்லா ஒதவும்.

பொள்ளாச்சி_தென்னந்தோப்பு

ஒண்ணு சேர்த்துக்கறேனுங்க. பொழுதோட வீட்டுக்கு வந்து லைட்டை அணைச்சுட்டுப் பார்த்தா மறுபடியும் எண் மாறாம ஒரே எடத்துல நிக்கலாம். பயப்பட வேண்டாமுங்க. மங்கலான வெளிச்சத்துல வேகம் மாறுனா நெறம் லேசா மாறித் துடிக்கறது கண்ணுக்குத் தெரியுங்கறதால, நெறையக் கம்பெனிங்க அப்ப மாத்தறதையே நிறுத்தி வெச்சுருவாங்க. 2019ல கூகுளோட பிக்சல் 4 போன் வந்தப்ப பிரைட்னஸ் 75 சதவீதத்துக்குக் கீழ போனா 90ல இருந்து 60க்கு எறங்கிருச்சு. ஜனங்க கேட்டதுக்கப்பறம் அப்டேட்ல மாத்துனாங்க. அதனால சோதனையை நல்ல வெளிச்சத்துல பண்ணுங்க.

மஞ்சமண்டி_பெருந்துறை

சரிங்க. பட்டையை அணைச்சாச்சு, டார்க் தீம் போட்டாச்சு, விலைக்கு அலர்ட்டும் வெச்சாச்சு. கோபி ஏலத்துக்குப் போறப்ப சார்ஜ் எப்படி நிக்குதுன்னு பார்த்துட்டு இங்கயே எழுதறேனுங்க.