ஜோர்டான் டிகிரி வாங்கிவிட்டா போனார்? (கூடைப்பந்துப் பையன்களுக்குக் காலேஜ் வேண்டுமா, வேண்டாமா)

விசில்வாத்தியார் – இரவு 9.10
இன்று மாலை காரைக்குடியில் கூடைப்பந்துக் கோடை முகாம் நிறைவு விழா. சிறப்பு விருந்தினர், பெயர் வேண்டாம், மைக்கைப் பிடித்தார். "நன்றாக ஆடுகிற பையனைக் காலேஜுக்கு அனுப்பி நாலு வருஷத்தைப் பாழாக்காதீர்கள். 18 வயதிலேயே தொழில்முறை ஆட்டத்துக்கு அனுப்புங்கள். கோபி பிரையன்ட் காலேஜுக்குப் போனாரா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். கைதட்டல் வேறு. என்னிடம் பயிற்சி எடுக்கிற பிளஸ் டூ பையன், ஆறடி நாலு அங்குலம், முன்வரிசையில் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். நான் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அவன் அப்பச்சி (அப்பா) போன் போடுகிறார்: "சார், காலேஜ் அப்ளிகேஷன் வாங்க வேண்டாமாமே?"

31 வருஷம் விசில் ஊதியவன் சொல்கிறேன். மைக்கேல் ஜோர்டானே காலேஜ் முடித்து டிகிரி வாங்கிவிட்டுத்தான் போனார். அவருக்கே தேவைப்பட்டது நம் பையனுக்கு வேண்டாமா?

பெட்டியடிப்பையன் – 9.22
சார், வணக்கம். ஜோர்டான் முடிக்கவில்லை. வட கரோலினா யூனிவர்சிட்டியில் மூன்று வருஷம் ஆடினார். நாலாவது வருஷத்தை விட்டுவிட்டு 1984 டிராஃப்டுக்கு, அதாவது அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏவின் அணிகள் புது ஆட்களை வரிசையாகத் தேர்வு செய்கிற நிகழ்ச்சிக்கு, போனார், சிகாகோ அணி மூன்றாவது ஆளாக எடுத்தது. நீங்கள் கூட்டிவந்த சாட்சி எங்கள் பக்கம் நிற்கிறார்.

விசில்வாத்தியார் – 9.25
டிகிரி வாங்கினாரா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள் தம்பி.

பெட்டியடிப்பையன் – 9.27
வாங்கினார். 1986-ல். புவியியல். அதாவது, போய் இரண்டு வருஷம் கழித்து. 'வாங்கிவிட்டுத்தான் போனார்' என்று எழுதியது நீங்கள்.

விசில்வாத்தியார் – 9.28
வாங்கினார் என்று ஒப்புக்கொண்டதற்கு நன்றி.

செக்காலைரோடு – 9.35
ஒரு சந்தேகம். தொழில்முறை என்று எதைச் சொல்கிறீர்கள்? என்பிஏவா? வெளிநாட்டுக் கிளப்பா? இல்லை, இங்கே ரயில்வேயிலோ பேங்கிலோ ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ந்து அவர்கள் அணிக்கு ஆடுவதா? இந்தியாவில் ஒரு லீக் 2015-ல் தொடங்கி 2017-லேயே நின்றுபோனது. முதலில் அதைத் தெளிவாக்கிவிட்டுப் பேசலாமே.

பெட்டியடிப்பையன் – 9.41
கெவின் கார்னெட், 1995, பள்ளியிலிருந்து நேராக, ஐந்தாவது தேர்வு. கோபி, 1996, பதின்மூன்றாவது. லெப்ரான், 2003, முதல் தேர்வு. இந்த மூன்று பேரில் ஒருவரும் காலேஜ் வாசலை மிதிக்கவில்லை. எதை இழந்தார்கள்?

செட்டிநாட்டில் பிறந்துவிட்டு இதற்கு விளக்கம் கேட்பதுதான் வேடிக்கை. எங்கள் ஐயா (தாத்தா) 13 வயதில் கப்பலேறி ரங்கூனுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்ய, போனவர். பெட்டியடிப் பையனாக, கடையில் எடுபிடியாக, உட்கார்ந்தார். கணக்கு எழுதினார், கடை பெருக்கினார், திட்டு வாங்கினார். அடுத்தாள் (உதவியாளர்) ஆனார், அப்புறம் மேலாள் (கடை நிர்வாகி). எந்த யூனிவர்சிட்டியிலும் வட்டிக் கணக்கு படிக்கவில்லை. அடகுக்கு வந்த நகையைக் கையில் வாங்கிப் பார்த்தே எடை சொல்வார். தொழிலைத் தொழில் நடக்கிற இடத்தில்தான் படிக்க முடியும் என்று நம்மவர்களுக்கு அமெரிக்காவா சொல்லித்தர வேண்டும்?

விசில்வாத்தியார் – 9.58
ஐயா கதை அருமை. ரங்கூனிலிருந்து 1942-ல் நடந்தே திரும்பி வந்தவர்கள் கதையையும் கொஞ்சம் சொல்லுங்கள். தொழில் ஒரே நாளில் கைவிட்டுப் போனபோது கையில் வேறு எதுவும் இல்லாமல் நின்ற குடும்பங்கள் எத்தனை! கோட்டையூரில் பிறந்த அழகப்ப செட்டியார் காலேஜ் காலேஜாகக் கட்டினார். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்சமும் தூக்கிக் கொடுத்தார். அந்த ஊர்க் காற்றைச் சுவாசித்துக்கொண்டு காலேஜ் வேண்டாம் என்று எழுத எப்படிக் கை வருகிறதோ.

ஜெயித்தவன் பெயரை மட்டும் எண்ணுகிறீர்கள். க்வாமே பிரவுன், 2001, பள்ளியிலிருந்து வந்து முதல் ஆளாகத் தேர்வான முதல் பையன். என்ன ஆனார்? பிள்ளைகள் இன்றும் அவர் பெயரைச் சொல்லிக் கிண்டல் செய்கிறார்கள். கார்லியோன் யங், 1998, என்பிஏவில் ஆடியது மூன்றே ஆட்டம். லென்னி குக், 2002, லெப்ரானோடு சேர்த்துப் பேசப்பட்ட பையன், டிராஃப்டில் அவர் பெயரை யாருமே கூப்பிடவில்லை. இதையெல்லாம் பார்த்துத்தான் ஆட்டக்காரர் சங்கத்தோடு போட்ட 2005 ஒப்பந்தத்தில் 19 வயது ஆக வேண்டும், பள்ளி முடித்து ஒரு வருஷம் கழிய வேண்டும் என்று என்பிஏ கதவைச் சாத்தியது.

டிம் டங்கன் நாலு வருஷம் உட்கார்ந்து உளவியல் படித்துவிட்டு 1997-ல் வந்தார். ஐந்து சாம்பியன் பட்டம். ஜோர்டானும் டிகிரி வாங்கினார்.

பெட்டியடிப்பையன் – 10.04
பின்னாடி வாங்கினார்.

விசில்வாத்தியார் – 10.05
வாங்கினார்.

பெட்டியடிப்பையன் – 10.11
அந்த 2005 விதியால் என்ன நடந்தது, அதையும் சொல்லுங்கள். ஒரு வருஷம் காலேஜில் தலையைக் காட்டிவிட்டுக் கிளம்புகிற கூட்டம் உருவானது. கெவின் டியுரான்ட் டெக்சஸில் ஒரே வருஷம், 2007-ல் இரண்டாவது தேர்வு. அதே டிராஃப்டில் முதல் ஆளாகப் போன கிரெக் ஓடனும் ஒரே வருஷம்தான். அவரை முழங்கால் கவிழ்த்தது. காலேஜ் போய் வந்து காப்பாற்றியதா? இதற்குப் பெயர் காலேஜா, பஸ் ஸ்டாண்டு வெயிட்டிங் ரூமா?

லூக்கா டான்சிச் 16 வயதில் ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் கிளப்பின் பெரிய கூடைப்பந்து அணிக்கு ஆடினார். 2018-ல் மூன்றாவது தேர்வு. அங்கே காலேஜ் என்ற பேச்சே இல்லை.

பள்ளத்தூர்ஆச்சி – 10.19
எல்லோரும் 'பையன் பையன்' என்றே எழுதுகிறீர்கள். என் மகளும் ஆடுகிறாள். அமெரிக்கப் பெண்கள் லீகில், அந்நாட்டுப் பிள்ளையாக இருந்தால் 22 வயது ஆக வேண்டும், அல்லது டிகிரி முடிக்க வேண்டும், அல்லது பள்ளி முடித்து நாலு வருஷம் ஆகியிருக்க வேண்டும். கெய்ட்லின் கிளார்க் அயோவா யூனிவர்சிட்டியில் நாலு வருஷம் ஆடிவிட்டுத்தான் 2024-ல் முதல் தேர்வாகப் போனாள். பெண்ணுக்கு நாலு வருஷம் கட்டாயம், ஆணுக்கு ஒன்று போதுமாம். அந்த நியாயத்தை யாராவது பேசுங்கள்.

நம் பக்கம் அனிதா பால்துரை. தெற்கு ரயில்வேயில் இருந்துகொண்டு இந்திய அணிக்குக் கேப்டனாக ஆடி, 2021-ல் பத்மஸ்ரீ. மாதச் சம்பளம், பென்ஷன். செக்காலை ரோடு தம்பி கேட்டாரே, அதுதான் நம் ஊர்த் தொழில்முறை. அதற்கு யாரும் பதில் சொல்லக் காணோம்.

விசில்வாத்தியார் – 10.24
ஆச்சி சொன்னதில் என் கட்சியே ஜெயிக்கிறது. கெய்ட்லின் கிளார்க் நாலு வருஷம். ஜோர்டான் டிகிரி.

பள்ளத்தூர்ஆச்சி – 10.26
நான் உங்கள் கட்சி இல்லை அண்ணே.

கோவிலூரான் – 10.33
பேங்க் அணி என்றதும் நினைவு வந்தது. ஐஓபி (இந்தியன் ஓவர்சீஸ் பேங்க்) கூடைப்பந்து அணி ஒரு காலத்தில் என்ன ஆட்டம்! அந்தப் பேங்கே நம் ஊர்க்காரர் ஆரம்பித்ததுதானே. சேப்பாக்கம் ஸ்டேடியத்துக்குக்கூட அவர் பெயர்தான்.

பெட்டியடிப்பையன் – 10.35
ஐயோ! அவர் வேறு, இவர் வேறு! ஐஓபி ஆரம்பித்தவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார், கானாடுகாத்தான். 10.2.1937 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் கதவைத் திறந்தார். சேப்பாக்கம் எம்.ஏ. சிதம்பரம், ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் மகன். செட்டிநாட்டில் உட்கார்ந்துகொண்டு இன்ஷியலைக் குழப்பலாமா?

கோவிலூரான் – 10.37
இரண்டு பேரும் சிதம்பரம்தானே. இதற்கு ஏன் இவ்வளவு கோபம்?

பெட்டியடிப்பையன் – 10.38
கல்யாணப் பத்திரிகையில் இன்ஷியல் மாறினால் விடுவீர்களா?

விசில்வாத்தியார் – 10.40
இன்ஷியலில் இவ்வளவு கறாராக இருக்கிறவர் 2009-ல் மாவட்ட அணித் தேர்வுக்குத் தன் பிறந்த தேதியைத் தப்பாக எழுதிக்கொண்டு வந்தவர். அதைச் சபையில் சொல்லலாமா?

பெட்டியடிப்பையன் – 10.47
வந்துவிட்டதா? இதற்காகத்தான் காத்திருந்தேன். தேதி கிளார்க் எழுதியது. அதைச் சாக்காக வைத்து என்னை பெஞ்சில் உட்கார வைத்தது நீங்கள். தேவகோட்டையில் மூன்று ஆட்டம். ஒரு நிமிஷம் இறக்கவில்லை. தண்ணீர் பாட்டில் தூக்கினேன். 'படி, காலேஜில் ஆடலாம்' என்றீர்கள். படித்தேன். காலேஜில் கோர்ட்டே இல்லை, இரண்டு இரும்புக் கம்பமும் நடுவில் பார்த்தீனியமும்தான் இருந்தன. உங்கள் காலேஜ் தத்துவத்தின் விலையைக் கொடுத்தவன் நான்.

விசில்வாத்தியார் – 10.49
இடது கையில் லே-அப் (ஓடிவந்து கூடைக்குப் பக்கத்தில் எழும்பிப் பந்தைப் போடுவது) வராது. அன்றும் வராது, இன்றும் வராது.

பெட்டியடிப்பையன் – 10.50
நாளை காலை கிரவுண்டுக்கு வருகிறேன். நீங்களே பந்தைக் கொடுங்கள்.

விசில்வாத்தியார் – 10.52
முட்டி வலிக்கும். தைலம் கொண்டு வாருங்கள்.

செக்காலைரோடு – 10.58
இரண்டு பேரும் சத்னம் சிங்கை விட்டுவிட்டீர்கள். பஞ்சாபில் பல்லோ கே கிராமம், ஏழடி இரண்டு அங்குலம். 14 வயதில் புளோரிடா அகாடமிக்குப் போனார். காலேஜ் கிடையாது, வெளிநாட்டு லீக்கும் கிடையாது. 2015-ல் டல்லாஸ் 52-வது ஆளாக எடுத்தது. என்பிஏவில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. கீழ் லீகில் இருந்தார், பிறகு ஊக்கமருந்து வழக்கில் இரண்டு வருஷத் தடை, இப்போது மல்யுத்தம். இந்தியப் பையனுக்கு இருக்கிற நேரடி முன்மாதிரி அவர்தான். அவரை வைத்துப் பேசினால் ஏதாவது முடிவுக்கு வரலாம்.

பெட்டியடிப்பையன் – 11.01
காலேஜ் போகாமலே டிராஃப்டில் தேர்வானார். என் கட்சி.

விசில்வாத்தியார் – 11.01
காலேஜ் போகாததால் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. என் கட்சி.

செக்காலைரோடு – 11.03
சரி.

பெட்டியடிப்பையன் – 11.15
இன்னொன்று. அமெரிக்காவில் 2021-லிருந்து காலேஜ் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரை வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். 2025 ஜூலையிலிருந்து காலேஜே நேரடியாகப் பணம் கொடுக்கலாம். அப்புறம் எங்கே இருக்கிறது உங்கள் சரஸ்வதி கடாட்சம்? அதுவும் கடைதான். முதலாளி மாறிவிட்டார், அவ்வளவே.

விசில்வாத்தியார் – 11.21
அப்படியானால் காலேஜுக்குப் போனால் படிப்பும் உண்டு, பணமும் உண்டு. வேண்டாம் என்பதற்கு இருந்த ஒரே காரணத்தையும் நீங்களே எடுத்துக்கொடுத்துவிட்டீர்கள்.

ஷாக்கில் ஓ'நீல் மூன்று வருஷத்தில் கிளம்பினார், ஆனால் 2000-ல் திரும்பிவந்து பட்டம் வாங்கினார். ஸ்டீபன் கறி 2022-ல் முடித்தார், அத்தனை கோடி சம்பாதித்த பிறகும். ஏன்? விருந்தினர் மைக்கில் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

பெட்டியடிப்பையன் – 11.24
ஓ'நீல் பின்னாடி. கறி பின்னாடி. ஜோர்டான் பின்னாடி. சார், நீங்கள் பட்டியல் போடப்போட எனக்கு வேலை மிச்சமாகிறது. முதலில் ஆட்டம், பிறகு படிப்பு, இதைத்தானே அந்த விருந்தினரும் சொன்னார்?

விசில்வாத்தியார் – 11.26
அவர் 'பிறகு' என்ற வார்த்தையைச் சொல்லவே இல்லை. நான் முன்வரிசையில் இருந்தேன்.

கோவிலூரான் – 11.29
விருந்தினர் யார் என்று சொல்லுங்களேன். சேப்பாக்கம் குடும்பமா?

பெட்டியடிப்பையன் – 11.30
அண்ணே, தூங்கப் போங்கள்.

பள்ளத்தூர்ஆச்சி – 11.34
அந்தப் பிளஸ் டூ பையனுக்குக் கடைசியில் என்ன சொன்னீர்கள் வாத்தியார் அண்ணே? அவன் அப்பச்சி பாவம், போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அரசு வேலையில் விளையாட்டுக்காரர்களுக்கு 3 சதவீதம் இருக்கிறது, டிகிரி இருந்தால் நல்ல பதவிக்கே போடலாம், அதையாவது சொன்னீர்களா?

விசில்வாத்தியார் – 11.40
நாளை காலை 5.30-க்கு கிரவுண்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அப்ளிகேஷன் என் பையில் இருக்கிறது. ஜோர்டான் டிகிரி வாங்கினார் என்பதையும் சொல்வேன்.

பெட்டியடிப்பையன் – 11.41
எந்த வருஷம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

விசில்வாத்தியார் – 11.42
வாங்கினார்.

பெட்டியடிப்பையன் – 11.42
1986.