லிஃப்ட் கிட் போட்ட வண்டியில் பாடி விரிசல், வாரன்டி தர மறுக்கிறாங்க. வழி சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. கோத்தகிரி பக்கம் எஸ்டேட் ரோட்டில் ஓடும் என் ஃபோர் வீல் டிரைவ் வண்டி, உயரம் கூட்டுற லிஃப்ட் கிட் போட்டது, வாரன்டி இன்னும் முடியல. முன்கண்ணாடித் தூணும் மேல் கதவுக் கீலும் சேரும் மூலையில் மயிரிழை மாதிரி விரிசல். பெயின்ட்தான் வெடிச்சிருக்குன்னு மெக்கானிக் அண்ணன் சொன்னார். சுரண்டிப் பார்த்தா ஸ்பாட் வெல்ட் (தகடுகளைப் புள்ளி புள்ளியா ஒட்டுற வெல்டிங்) ஓரத்தில் தகடே பிளந்திருக்கு. மழை பெய்தால் கால் வைக்கிற இடத்தில் தண்ணி.

2 இன்ச் லிஃப்டையும் பெரிய டயரையும் பார்த்ததுமே சர்வீஸ் சென்டரில், "மாடிஃபிகேஷன் சார், வாரன்டி வராது"ன்னுட்டாங்க. அதை ஜாப் கார்டில் (சர்வீஸ் வேலைச் சீட்டு) எழுதித் தரச் சொன்னா மழுப்பல். வாரன்டி புத்தகத்தில் "மாற்றத்தால் ஏற்பட்ட பழுது"ன்னுதான் இருக்கு. கெட்டி ஸ்பிரிங்கும் பாரமான டயரும் பாடிக்குக் கூடுதல் அடி கொடுக்கும், மறுக்கல. ஆனா எதுவும் மாற்றாத ஸ்டாக் வண்டியிலும் அதே மூலை விரிஞ்சா, லிஃப்ட்தான் காரணம்னு எப்படிச் சொல்ல முடியும்?

அதனால ஸ்டாக் வண்டி வெச்சிருக்கவங்க கதவைத் திறந்து, அந்த மூலையில் தகடு சேரும் இடத்தை அடைச்சிருக்கிற சீலன்ட் பசைக் கோட்டை டார்ச் அடிச்சுப் பார்த்து போட்டோ போடுங்க. நம்பர் பிளேட் தெரிய வேண்டாம்.

நுகர்வோர் ஆணையம் போனவங்க இருக்கீங்களா? 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 38ஆம் பிரிவுப்படி குறையுள்ள பொருளை ஆணையம் ஆய்வகச் சோதனைக்கு அனுப்பலாம். வண்டி பாடியைச் சோதிக்க யார்கிட்ட அனுப்பினாங்க, செலவு யார் தலையில் விழுந்தது? புகார் கொடுக்க 2 வருஷம் கெடு இருக்கு, ஆனா விரிசல் காத்திருக்காது. வெல்டிங் அடிச்சா சாட்சியே போயிடும், அதை மட்டும் சொல்லாதீங்க. கோவையில் வண்டிப் பழுதைப் பார்த்து எழுத்தில் ரிப்போர்ட் தரும் நல்ல சர்வேயர் தெரிஞ்சா இன்பாக்ஸில் சொல்லுங்க.