47 வயதில் ஒருவரைப் பிடித்திருக்கிறது. இது அன்பா, நன்றியா?

காவிரிக்கரை:

வணக்கம். ஊர் திருச்சி. கணவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. சர்க்கரை முற்றி, கிட்னி போய், மூன்று வருடம் டயாலிசிஸ். மகள் கோவையில் ஹாஸ்டலில் தங்கிக் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். வீட்டில் நானும் மாமியாரும்தான். ஒரு ஆடிட்டர் ஆபீசில் டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில் என்ட்ரி போடும் வேலை எனக்கு.

இந்த வருடத் தொடக்கத்தில் ஆதாரில் போட்டோ மாற்றப் போனேன். கேமரா முன்னால் உட்கார்ந்ததும் அங்கிருந்த பையன், "நிமிர்ந்து பாருங்கம்மா" என்றான். நிமிர்ந்துதான் இருக்கிறேன் என்று நினைத்தேன். மறுபடி சொன்னான். மூன்றாம் தடவை ஒன்றும் சொல்லாமல் கேமராவைத் தாழ்த்தி வைத்தான்.

வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன். கழுத்து தானாகவே குனிந்துதான் நிற்கிறது. எப்போதிலிருந்து என்று யோசித்தபோது நாத்தனார் மகன் கல்யாணம் நினைவுக்கு வந்தது. தாலியைத் தட்டில் வைத்து எல்லோரிடமும் ஆசீர்வாதத்துக்குக் கொண்டு வந்தார்கள். நான் கை நீட்டுவதற்குள் தட்டு என்னைத் தாண்டிப் போய்விட்டது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானாகவே எழுந்து தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஆபீசுக்குக் கணக்குக் கொண்டுவரும் ஒருவர், 52 வயது, ஸ்டேஷனரி கடை வைத்திருக்கிறார். மனைவி இறந்து பத்து வருடம், பிள்ளைகள் இல்லை. மாதாமாதம் 11-ம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, அதாவது ஜிஎஸ்டிக்கான விற்பனைக் கணக்கு, தாக்கல் செய்ய வேண்டும் என்பதால் 5-ம் தேதியே பில் கட்டோடு வந்துவிடுவார். தேதி வாரியாக அடுக்கி நூல் போட்டுக் கட்டியிருக்கும். ஜூலையில் அவருடைய பில் ஒன்றில் 1,800-ஐ 18,000 என்று ஏற்றிவிட்டேன். தாக்கல் செய்தபிறகுதான் கண்ணில் பட்டது. அடுத்த மாதம் திருத்திவிடக்கூடிய தப்புதான். ஆனாலும் கை நடுங்க அவருக்குப் போன் செய்தேன். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "திருத்திடலாம்ல மேடம்? அப்புறம் ஏன் இவ்வளவு நேரமா மன்னிப்பு கேக்குறீங்க? உங்களை யாரு இப்படிப் பயமுறுத்தி வச்சிருக்காங்க?"

ஆறு வருடத்தில் என்னிடம் யாரும் இதைக் கேட்டதில்லை.

போன மாதம் நேராகவே கேட்டார். "உங்களுக்குச் சம்மதம்னா வீட்டுப் பெரியவங்ககிட்ட வந்து பேசுறேன். இல்லைன்னா இனிமே பில்லைக் கடைப் பையன்கிட்ட கொடுத்தனுப்புறேன், உங்களுக்குச் சங்கடம் வேண்டாம்." யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பில்லைப் பையன் கொண்டுவருவான் என்று நினைத்தாலே மனசு கனக்கிறது.

ஆனால் என்மேல் எனக்கே மதிப்பில்லாத நேரத்தில் ஒருவர் மரியாதையாகப் பேசிவிட்டார். அந்த நன்றியைத்தான் நான் அன்பு என்று நினைத்துக்கொள்கிறேனா? மகளிடமும் அத்தையிடமும் எப்படிச் சொல்வது? கணவரின் பி.எஃப். பென்ஷன், அவர் பெயரில் உள்ள வீடு எல்லாம் என்ன ஆகும்? அத்தைக்கு அந்த வீட்டை விட்டால் வேறு இடமில்லை.

தையல்காரி:

தங்கச்சி, நான் மதுரை. 41-ல் விவாகரத்து, 50-ல் மறுமணம். நன்றியா அன்பா என்பது வீட்டில் உட்கார்ந்து யோசித்துத் தெரிகிற விஷயமில்லை. இப்போதைய கணவர் என்னைக் கேட்டபிறகு நான் ஒரு வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டேன். அதுவரை வீட்டுக்குள் தைத்துக்கொண்டிருந்தவள், ஒரு சின்னக் கடை பிடித்தேன். எனக்குக் கூலி கேட்கவே கூசும், "குடுக்கிறதைக் குடுங்க" என்பேன். கடையில் ரேட்டை அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். யாராவது அட்டையைப் பார்த்தாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஒரு நாள், ரேட் ஜாஸ்தி என்ற ஒரு அம்மாவிடம், "லைனிங் வச்சு, கை ஹெம்மிங் பண்ணித் தரேன்க்கா, இதுதான் கூலி" என்று முகத்தைப் பார்த்துச் சொன்னேன். கல்யாணத்துக்குச் சரி என்று சொன்னது அதற்கப்புறம்தான்.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். அவர் கேட்கும் ஏதாவது ஒன்றுக்கு, சின்ன விஷயமாக இருந்தாலும், "வேண்டாம்" என்று சொல்லிப் பாருங்கள். உங்களால் சொல்ல முடிகிறதா, சொன்னதும் அவர் முகம் எப்படி ஆகிறது, இரண்டையும் கவனியுங்கள். கடன்பட்டவள் மாதிரி நினைத்தால் அந்த வார்த்தை வாயில் வராது.

பழைய கிளார்க்:

பென்ஷன், வீடு பற்றி மட்டும் சொல்கிறேன். தனியார் கம்பெனி பி.எஃப். பென்ஷன் என்றால் அது 1995 திட்டம். மறுமணம் செய்தால் மனைவிக்கான பென்ஷன் நின்றுவிடும். மறைத்து வாங்காதீர்கள். மகளுக்கு 25 வயது வரை பிள்ளைகளுக்கான பென்ஷன் உண்டு. உங்களுடையது நின்றபின் அவளுடைய தொகை கூடும், எழுதிக் கேட்டு வாங்குங்கள்.

வீடு உங்கள் கணவர் சம்பாதித்து வாங்கியது, உயில் எழுதவில்லை என்றால், 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகள், தாய் மூவருக்கும் சமபங்கு. அவர் இறந்த அன்றே உங்கள் பங்கு உங்களுக்கு வந்துவிட்டது, மறுமணத்தால் அது போகாது. மாமியாரின் மூன்றில் ஒரு பங்கும் அவருடையதுதான். இதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள் அம்மா. பாதி பயம் அங்கேதான் இருக்கும்.

ஊரைக் கூட்ட வேண்டுமே என்று தயங்க வேண்டாம். 1967-ல் அண்ணா ஆட்சியில் வந்த சட்டத்திருத்தப்படி, உறவினர், நண்பர்கள் முன்னால் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலே இந்துத் திருமணம் செல்லும். 90 நாளைக்குள் பதிவு செய்துவிடுங்கள்.

நெய்தல்:

என் அம்மா 48 வயதில் மறுமணம் செய்துகொண்டார். எட்டு மாதம் நான் அவரிடம் பேசவில்லை. அம்மாவுக்கு ஒருவரைப் பிடித்தது எனக்கு வலிக்கவில்லை. பெரியம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது, அதுதான் வலித்தது. உங்கள் மகளிடம் முதலில் சொல்லுங்கள் ஆன்ட்டி, போனில் வேண்டாம். நேரில் போங்கள், சொல்லிவிட்டு அவள் சும்மா இருந்தால் நீங்களும் சும்மா இருங்கள்.

காவிரிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது.

அக்கா சொன்னபடி ஒன்று நடந்தது. ஆபீஸ் முடிந்து மழை, காரில் இறக்கிவிடட்டுமா என்று கேட்டார். "வேண்டாம், பஸ்ஸிலேயே போறேன்" என்றேன். "சரிங்க" என்று சொல்லிவிட்டு, குடையை மட்டும் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். அடுத்த நாள் குடையைத் திருப்பிக் கொடுத்தேன். கொடுக்கும்போது மன்னிப்போ ஆயிரம் நன்றியோ சொல்லவில்லை. எனக்கே அது புதிதாக இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை கோவை போனேன். காந்திபுரத்தில் ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து மகளிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த தோசையை அப்படியே விட்டுவிட்டாள். நெய்தல் சொன்னதால் நானும் பேசாமல் இருந்தேன். ரொம்ப நேரம் கழித்துத் தலை நிமிராமலே கேட்டாள்: "அவருக்குச் சுகர் இருக்காம்மா?"

அப்பாவை டயாலிசிஸுக்கு நான் கூட்டிப்போய் வந்த மூன்று வருடமும் அவள் பள்ளிக்கூடப் பிள்ளை. வீட்டுச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருப்பாள். அவள் எதைக் கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

அன்றிரவு, கணக்கு சம்பந்தமில்லாத ஒன்றுக்காக முதல் தடவையாக அவருக்கு நானே போன் செய்து, அதையே கேட்டேன். அவர் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. "பார்த்து நாலு வருஷம் ஆச்சு. நாளைக்குக் காலையில வெறும் வயித்துல போய் ரத்தம் குடுத்துட்டு வரேன். ரிப்போர்ட்டை முதல்ல உங்க பொண்ணுகிட்ட காட்டுங்க" என்றார்.

அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை. வீட்டுப் பத்திரத்தை எடுத்து மேலே வைத்திருக்கிறேன், அவருடைய பங்கு எவ்வளவு என்பதிலிருந்து பேச்சைத் தொடங்கப் போகிறேன்.