ஜூனோவும் ரோப் காரில் வருகிறான்

நிலா: அடுத்த வாரம் மலைக்குப் போகும்போது என் நாய் ஜூனோவையும் ரோப் காரில் கூட்டிக்கொண்டு போகலாம் என்று இருக்கிறேன். விசாரித்துவிட்டேன், லீஷும் வாய்மூடியும் இருந்தால் ஏற்றிக்கொள்வார்களாம். உயரத்தைப் பார்த்துப் பயப்படுவானா?

கதிர் அண்ணா: உயரம் பிரச்சினையே இல்லை நிலா, ஏறுகிற இடம்தான். போன கோடையில் எங்கள் பிரவுனி அங்கேதான் அடம்பிடித்தாள். கோண்டோலாப் பெட்டி முழுசாக நிற்காது, நிலையத்துக்குள் வந்ததும் கம்பியை விட்டுவிட்டு மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும். நகர்கிற பெட்டிக்குள் கால் வைக்க அவளுக்கு மனசே வரவில்லை, முன்னங்கால் இரண்டையும் ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டாள், பின்னால் ஒரே வரிசை. கடைசியில் தூக்கிக்கொண்டுதான் ஏறினேன்.

நிலா: ஜூனோ 28 கிலோ அண்ணா, என்னால் தூக்க முடியாது.

கதிர் அண்ணா: அப்படியென்றால் அரை மணி நேரம் முன்னாடியே போ. கொஞ்சம் தள்ளி நின்று நாலைந்து பெட்டி போவதை அவன் பார்க்கட்டும், அந்தச் சக்கரச் சத்தம் பழகட்டும். ஏற்றும்போது ஊழியரிடம் வேகத்தைக் குறைக்க முடியுமா என்று கேள், தயங்காதே. கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுக்காதே, உடம்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ் போடு. தரை இரும்புச் சல்லடையாக இருந்தால் நகம் மாட்டாமல் பார்த்துக்கொள்.

சித்தி: எனக்கு வெயில்தான் கவலை. நாய்க்குப் பாதத்தில்தான் கொஞ்சம் வேர்க்கும், மற்றபடி மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கும். கண்ணாடிப் பெட்டி வெயிலில் அடைத்துக் கிடந்தால் அதுவும் எடுபடாது. முகம் சப்பையான பக், புல்டாக் என்றால் நானே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.

மாமா: மேலே போகப் போகக் குளிரத்தானே செய்யும்?

சித்தி: 1,000 மீட்டருக்கு ஆறு டிகிரி போலக் குறையும் அண்ணா, சரிதான். ஆனால் வெயில் பட்ட பாறை சுடும். நிலா, புறங்கையை வைத்துப் பார், ஐந்தாறு நொடி தாங்கவில்லை என்றால் அவன் பாதத்துக்கும் ஆகாது. ஈறு சிவந்து தள்ளாடினால் உடனே நிழல், உடம்பில் தண்ணீர் ஊற்று, நேரே டாக்டரிடம் போ. காலையிலேயே ஏறிவிடு, மத்தியானத்துக்கு மேல் மலையில் இடி வந்தால் ரோப் காரை நிறுத்திவிடுவார்கள், அப்புறம் அவனோடு மேலேயே மாட்டிக்கொள்வாய்.

பாட்டி: பிள்ளைக்குக் காது அடைக்காதா?

கதிர் அண்ணா: அடைக்கும் பாட்டி. பிஸ்கட்டைத் துண்டு துண்டாகக் கொடுத்தால் விழுங்க விழுங்கச் சரியாகிவிடும். வயிறு நிறையச் சாப்பிட்டதும் மட்டும் ஏற்றக்கூடாது.

சனிக்கிழமை

நிலா: ஏறிவிட்டோம்! மூன்று பெட்டியை விட்டுவிட்டோம், நாலாவதில் நான் முதலில் ஏறி உட்கார்ந்து கூப்பிட்டதும் தானே உள்ளே வந்துவிட்டான். முதல் தூணைத் தாண்டும்போது பெட்டி தடதடவென்று ஆடியது, காதை மடக்கிக்கொண்டு என் முழங்காலில் தாடையை வைத்து அழுத்தினான். அப்புறம் ஜன்னல் இடுக்கில் மூக்கை வைத்தவன், மேலே போய்ச் சேரும்வரை எடுக்கவே இல்லை, கண்ணாடி முழுக்க அவன் மூச்சுப் பட்ட ஈரம்.

பாட்டி: தண்ணீர் கொடுத்தாயா?

நிலா: இரண்டு தடவை பாட்டி. இப்போது நிழலில் புல்லில் படுத்திருக்கிறான். பதினொரு மணிக்குள் இறங்கிவிடுவோம்.