‘நிச்சயமா?’ என்று கேட்டும் கணக்கை அழித்துவிடுகிறார்கள், என்ன செய்ய?

மண்டபத்தான்:
எங்கள் ஊர் நண்டு ஷெட்டில் ஓடும் டேப்லெட் பில்லிங் ஆப்பைத் திருத்தும் வேலை எனக்கு வந்திருக்கிறது. வல்லங்கள் கரை சேர்ந்ததும் கூட்டம் நெரியும். எடைக்காரர் தண்ணீர் சொட்டும் கையோடு பெயரைத் தொட்டு, கிலோ போட்டு, ‘சேமி’ அமுக்குவார். ஒட்டினாற்போல ‘அழி’. அது பட்டுவிட்டால் ‘நிச்சயமா?’ என்று கேட்கும், அவரும் பார்க்காமலே ‘ஆம்’ போட்டுவிடுவார். அப்புறம் கரையில் சத்தம்தான். சிவப்பு எழுத்தில் இன்னொரு தடவை கேட்க வைக்கலாமா?

பாம்பன் அக்கா:
வேண்டாம் தம்பி. அதுவும் நாலு நாளில் கைக்குப் பழகிவிடும். திரும்பத் திரும்பச் செய்தால் ‘அழி’, ‘ஆம்’ இரண்டும் ஒரே அசைவாகிவிடும். மனசு அதற்குள் அடுத்த கூடைக்குப் போயிருக்கும். ஆப்பிளின் மேக்கிண்டாஷ் கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்த ஜெஃப் ராஸ்கின் சொன்னதும் இதுதான்: கேள்வி கேட்காதே, செய்ததைத் திருப்பிக்கொள்ள வழி கொடு. அழித்த வரி குறுக்குக்கோட்டோடு மங்கலாக அங்கேயே நிற்கட்டும், பக்கத்தில் ‘திரும்ப எடு’. அன்றைய கணக்கு முடிக்கும்வரை இருக்க வேண்டும். சீட்டு கேட்டு ஆள் வரும்போதுதானே விட்டுப்போனது தெரியும், அஞ்சு விநாடியில் மறைகிற அறிவிப்பு யாருக்கு?

தொண்டி ராவுத்தர்:
அக்கா சொன்னது சரி. கூடவே இடத்தையும் மாற்றுங்கள். தொட வேண்டிய இடம் சிறிதாக, தூரமாக இருந்தால் கை போய்ச்சேர நேரமாகும் என்று 1954-இல் பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் அளந்து காட்டினார். ‘சேமி’ கட்டைவிரல் பக்கம் அகலமாக இருக்கட்டும், ‘அழி’ எதிர்மூலையில் சிறிதாக. (மவுஸுக்கு மூலை சுலபம், அம்புக்குறி திரை ஓரத்தில் முட்டி நின்றுவிடும். விரலுக்கு அந்த வசதி இல்லை.) ‘அழுத்திப் பிடித்தால் அழியும்’ மட்டும் வைத்துவிடாதீர்கள். இந்தத் திரைகள் விரல் பட்டால் மாறும் மின்தேக்கத்தை (மின்னூட்டம் தேங்கும் அளவை) உணர்பவை, தேங்கிய உப்புத்தண்ணீரையே விரல் என்று நினைத்துக்கொள்ளும்.

பாம்பன் அக்கா:
பெயர்ப் பட்டியல் எந்த வரிசை? கடைசியாக வந்தவர் மேலே ஏறுகிறாரா?

மண்டபத்தான்:
ஆமாம் அக்கா, ஏறுகிறார்.

பாம்பன் அக்கா:
அதை முதலில் நிறுத்து. கை பெயரைப் படிப்பதில்லை, இடத்தைத்தான் நினைவில் வைக்கிறது. படகு நம்பரும் போடு, நம் பக்கம் எத்தனை அந்தோணி!

மண்டபத்தான்:
போட்டுவிடுகிறேன். முதலாளி ‘அழி’ பட்டனையே தூக்கிவிடு என்கிறார்.

தொண்டி ராவுத்தர்:
தூக்கினால் பூஜ்யம் கிலோ போட்டுச் சேமிப்பார்கள். அதைத் தேடிக் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம்.