கலைச்சொல்: சமையலறை நிறத்தேர்வில் ‘அண்டர்டோன்’. ‘உள்ளோட்டம்’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

வீடு கட்டுபவர்களுக்கான கையேட்டில் சமையலறை அத்தியாயத்தை எழுதும் தம்பி, ‘கலர் ஸ்கீம்’ என்பதற்கு என்ன போடலாம் என்று கேட்டிருந்தார். அதற்கு வந்த மடல்களை எல்லாம் படித்துவிட்டேன். நான் கோவையில் வீட்டு உள்வேலை எடுத்துச் செய்கிறவன். இலக்கணத்தில் பேராசிரியர் ஐயாவோடு போட்டி போட முடியாது. ஆனால் இந்தச் சொற்களைக் கார்பெண்டரிடமும் பெயிண்டரிடமும் வீட்டுக்காரரிடமும் தினமும் சொல்லி வேலை வாங்க வேண்டியவன் என்பதால் என் பங்குக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். இடையில் மேற்கோளாக வருபவை அந்த மடல்களில் இருந்த வரிகள்.

> நிறத்திட்டம் என்றே வைத்துவிடலாமே. ஸ்கீம் என்றால் திட்டம்தானே.

எனக்கு ஒட்டவில்லை. ‘சமையலறை நிறத்திட்டம்’ என்று படித்தால் அரசு இலவசமாகப் பெயிண்ட் கொடுக்கப் போகிறது என்று தோன்றுகிறது. அது போகட்டும். முக்கியமான தடை வேறு. திட்டம் என்றால் முதலிலேயே எல்லாவற்றையும் போட்டுவைத்து அதன்படி நடப்பது. சமையலறையில் நிறம் அப்படி அமைவதில்லை. முதலில் மேடைக்குக் கல் எடுப்போம். அப்புறம் டாடோ (மேடைக்கு மேல் சுவரில் ஒட்டும்) டைல்ஸ், அதற்குப் பிறகு ஷட்டருக்கு, அதாவது அலமாரிக் கதவுக்கு, மேலே ஒட்டும் லேமினேட் தகடு, கடைசியில் சுவருக்குப் பெயிண்ட். காரணம் எளிது. பெயிண்டில் ஆயிரக்கணக்கான ஷேடு உண்டு. லேமினேட்டில் சில நூறு. கல்லில் கடையில் அன்று இருக்கிற நாலைந்து ஸ்லாப்தான். எதில் தேர்வு குறைவோ அதை முதலில் முடித்துவிட்டு மற்றதை அதற்கு இசைய எடுக்க வேண்டும். பெயிண்டை முதலில் முடிவு செய்துவிட்டுக் கல் தேடிப் போகிறவர்கள் கடை கடையாக அலைவார்கள்.

ஆகவே ஒன்றோடு ஒன்று, இன்ன அளவில் சேர்வது என்ற பொருள் சொல்லுக்குள் இருக்க வேண்டும். நான் முன்வைப்பது ‘நிறச்சேர்மானம்’. மருந்திலும் சமையலிலும் சேர்மானம் சரியாக இருக்கிறதா என்று நாம் ஏற்கனவே கேட்கிறோம். அளவும் அதற்குள் வந்துவிடுகிறது. வேதியியலில் ‘சேர்மம்’ வேறு சொல்லாக இருப்பதால் குழப்பமும் வராது. ‘நிறச்சேர்க்கை’ என்று எழுதினாலும் எனக்குச் சண்டை இல்லை. பேச்சில் எல்லாரும் காம்பினேஷன் என்றுதானே சொல்கிறோம்.

> அறுபது, முப்பது, பத்து விழுக்காடு என்று நிறங்களைப் பிரிக்கும் விதிக்குச் சேலைச் சொற்களையே எடுக்கலாம்: உடல், கரை, முந்தி.

காஞ்சிபுரத்து அக்காவின் இந்த யோசனை அருமை. இந்த இழையில் யாருக்கும் அகராதி தேவைப்படாத மடல் இது ஒன்றுதான். சமையலறையில் உடல் என்பது கீழும் மேலும் வருகிற ஷட்டர்கள், கரை என்பது மேடையும் டாடோவும். இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். முந்தியில் மட்டும் எனக்குத் தயக்கம். சேலையில் முந்திக்கு இடம் நிலையானது. சமையலறையில் அந்தப் பத்து விழுக்காடு கைப்பிடியில் கொஞ்சம், திறந்த தட்டில் கொஞ்சம், தொங்குவிளக்கில் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கும். அதனால் ‘ஆக்சென்ட் கலர்’ என்பதற்கு ‘எடுப்பு நிறம்’ என்று வைக்கலாம். ஜவுளிக்கடையில் “இந்த பார்டர் எடுப்பா இருக்கு” என்று சொல்வது அதே வேலையைத்தான். இசை தெரிந்தவர்கள் எடுப்பு என்றால் பாட்டு தாளத்தில் தொடங்கும் இடம் என்பார்கள். பழைய ஆட்கள் எடுப்புச் சாப்பாட்டை நினைப்பார்கள். ‘நிறம்’ பின்னால் ஒட்டி வருவதால் இரண்டும் குறுக்கே வராது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பட்டுச்சேலையில் அரக்கும் பாசிப்பச்சையும் நேருக்கு நேர் நிற்கலாம். அதை விசேஷத்துக்கு உடுத்திவிட்டு மடித்து வைத்துவிடுவோம். ஷட்டரை மடித்து வைக்க முடியாது. சொற்களைச் சேலையிலிருந்து எடுக்கலாம், விகிதத்தையும் எடுக்கலாம், நிறங்களை அப்படியே எடுத்தால் காலையில் காபி போட உள்ளே போகும்போதே கண்ணை அடிக்கும்.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ‘அண்டர்டோன்’. இந்த ஒரு கருத்தைப் பிடித்துவிட்டால் சமையலறை நிறத்தேர்வில் பாதி முடிந்தது. இது பிடிபடாமல்தான் நல்ல டைல்ஸும் நல்ல பெயிண்டும் வாங்கியவர் வீட்டிலும் “ஏதோ அழுக்கா தெரியுதே” என்ற பேச்சு வருகிறது.

எது என்று தெரியாதவர்களுக்காக: ஒரு நிறத்துக்குள் மெல்லியதாகக் கலந்து கிடக்கும் இன்னொரு நிறம்தான் அண்டர்டோன். வெள்ளை என்று நாம் வாங்குகிற பெயிண்ட் பெரும்பாலும் வெறும் வெள்ளை இல்லை. டைட்டானியம் டை ஆக்சைடு போட்ட வெள்ளை பேஸில், கடையில் நிறம் கலக்கும் டின்டிங் மெஷின் மஞ்சள் ஆக்சைடு, சிவப்பு ஆக்சைடு, கறுப்பு போன்றவற்றைச் சொட்டுக் கணக்கில் விடுகிறது. டப்பாவைத் திறந்து பார்த்தால் வெள்ளைதான். சுவரில் நாலு பக்கமும் அடித்து, பக்கத்தில் வேறொரு வெள்ளை டைல்ஸ் வந்ததும்தான் அந்தச் சொட்டு வெளியே வரும். இதில் ஒரு விசித்திரம் உண்டு. மஞ்சளும் கறுப்பும் சேர்ந்தால் பச்சை தட்டும். அதனால் ‘கிரீம் கலந்த சாம்பல்’ என்று நம்பி அடித்த சுவர் லேசான பாசி நிறமாகத் தெரிவது அடிக்கடி நடக்கிறது. பெயிண்டர் கலக்கியதில் தப்பு என்று அவரைத் திட்டுவார்கள். பாவம், ஷேடு கார்டில் இருந்ததேதான் அது.

> அடிநிறம் போதுமே. அண்டர் = அடி, டோன் = நிறம்.

பெயிண்டரிடம் ‘அடிநிறம்’ என்று சொல்லிப் பாருங்கள். பிரைமருக்கு மேல் அடிக்கும் முதல் கோட்டைத்தான் காட்டுவார். அடிப்பூச்சு, அடிக்கோட் என்ற வழக்கு ஏற்கனவே இருப்பதால் அடிநிறம் அதோடு போய் ஒட்டிக்கொள்ளும். அடியில் ஒரு நிறம் தனியாக இருப்பதாகவும் பொருள் தரும். அண்டர்டோன் தனி அடுக்கில் இருப்பதில்லை; நிறம் முழுக்கக் கலந்தே கிடக்கிறது.

> உட்சாயல் / சாயை

சாயல் என்றால் முகச்சாயல், அதாவது ஒத்திருப்பது. மெல்லிய நிறம் என்ற பொருளும் உண்டுதான், ஆனால் ‘ஷேடு’ என்பதற்குச் சிலர் அதையே பயன்படுத்துகிறார்கள். ஒரே பக்கத்தில் ஷேடும் அண்டர்டோனும் வரும்போது சாயலும் உட்சாயலும் என்று எழுதினால் வாசகர் தடுமாறுவார். சாயை நிழலுக்குப் போய்விடுகிறது.

> தொல்காப்பியம் உரியியலில் குரு, கெழு இரண்டும் நிறத்தைக் குறிக்கும். கெழுவை மீட்டெடுக்கலாம்.

பேராசிரியர் ஐயா, ஆசை எனக்கும் உண்டு. ஆனால் கெழுவைக் கணிதக்காரர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பள்ளிப் புள்ளியியலில் ‘ஒட்டுறவுக் கெழு’ நிலைத்துவிட்டது. ‘குரு’வைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், சமையலறைக் கையேட்டில் குரு வந்தால் வாஸ்துப் பகுதி என்று நினைத்துப் புரட்டிவிடுவார்கள்.

என் யோசனை ‘உள்ளோட்டம்’. செவ்வரி ஓடிய கண் என்று நாம் சொல்கிறோம் இல்லையா? ஒரு நிறத்துக்குள் இன்னொரு நிறம் மெல்லியதாகப் பரவிக் கிடப்பதற்கு ‘ஓடுதல்’ நமக்குப் பழகிய வினை. எண்ணவோட்டம், உயிரோட்டம் எல்லாம் புழக்கத்தில் இருப்பவை. இதன் பெரிய வசதி, முன்னால் எந்த நிறத்தையும் ஒட்ட முடிவது: மஞ்சளோட்ட வெள்ளை, நீலவோட்டச் சாம்பல், பச்சையோட்டக் கிரீம். இதையே அடிநிறத்தை வைத்துச் சொன்னால் ‘மஞ்சள் அடிநிறமுடைய வெள்ளை’ என்று நீட்ட வேண்டும். வேலை நடக்கும் இடத்தில் அதற்கு யாருக்கும் பொறுமை இருக்காது. “மஞ்சள் அடிக்குது” என்று இப்போது சொல்வதையே இன்னும் கொஞ்சம் இறுக்கிச் சொன்னால் மஞ்சளோட்டம்.

சொல் வேலை செய்கிறதா என்று உண்மையான கற்களில் வைத்துப் பார்க்கிறேன். பிளாக் கேலக்ஸி ஆந்திராவின் பிரகாசம் மாவட்டத்தில் சீமகுர்த்தியில் வெட்டுவது. கறுப்பில் மின்னும் புள்ளிகள் பிரான்சைட் என்ற கனிமம். அதனால் இந்தக் கறுப்புக்குப் பொன்னோட்டம். பித்தளைக் கைப்பிடியும் சந்தன நிற ஷட்டரும் இதற்கு இசையும். நீலவோட்டம் உள்ள வெள்ளையை வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்து முறைக்கும். காஷ்மீர் ஒயிட் இன்னொரு வகை. பெயரில்தான் காஷ்மீர், வெட்டுவது தமிழ்நாட்டில். சாம்பல் கலந்த வெள்ளையில் கருஞ்சிவப்பாகக் கார்னெட் என்ற கனிமத்தின் புள்ளிகள் இருக்கும். அதனால் மொத்தத்தில் லேசான செவ்வோட்டம். அதற்குப் பச்சையோட்டக் கிரீம் சுவரைக் கொடுத்தால் கல் அழுக்காகத் தெரியும். கல் நல்ல கல்தான், பக்கத்து நிறம் அதைக் கெடுக்கிறது.

பக்கத்து நிறம் இப்படிக் கெடுப்பது புதுக் கண்டுபிடிப்பு கிடையாது. பாரிஸில் கோபலின் நெசவுச்சாலையில் சாயப் பிரிவைப் பார்த்துக்கொண்ட வேதியியலாளர் ஷெவ்ரல், கறுப்புச் சாயம் வெளிறியிருக்கிறது என்று வந்த புகாரை ஆராய்ந்தார். சாயத்தில் குறை இல்லை, பக்கத்தில் வைத்து நெய்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை அப்படிக் காட்டின என்று கண்டார். 1839இல் இதைப் பெரிய நூலாகவே எழுதினார். கையேட்டில் இதை ஒரு பெட்டிச் செய்தியாகப் போடலாம், தம்பி. அதோடு 1926இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டிடக் கலைஞர் வடிவமைத்த ஃபிராங்க்ஃபர்ட் சமையலறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீல நிறத்தில் ஈ உட்காராது என்று அப்போது நம்பியதால் அலமாரிகளுக்கு நீலப்பச்சை அடித்தார்கள். நிறம் தேர்ந்தெடுக்க அழகு மட்டுமே காரணமாக இருந்ததில்லை என்று காட்ட நல்ல எடுத்துக்காட்டு. நம்மிடம் அந்த இடத்தில் மஞ்சள்தூளும் தாளிக்கும் எண்ணெயும் இருக்கின்றன. அடுப்புக்குப் பின்னால் வெள்ளை டைல்ஸ் ஒட்டி, இடுக்குகளில் சாதாரண வெள்ளைக் கிரவுட் பூச்சு போட்டவர்களுக்கு அந்தக் கறை தெரியும்.

உள்ளோட்டத்தைக் கண்டுபிடிக்க ஷேடு கார்டை வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். நல்ல வழிதான். ஆனால் ஏ4 தாளுக்கே நீலவோட்டம் உண்டு. பளிச்சென்று தெரிய அதில் ஒளிர்வூட்டிகள் சேர்க்கிறார்கள். எனவே ஏறக்குறைய எல்லாப் பெயிண்டும் அதன் மேல் மஞ்சளாகத்தான் தெரியும். நாலைந்து ‘வெள்ளை’களைப் பக்கம் பக்கமாக வைத்து ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டால் இன்னும் தெளிவு. அதையும் கடையில் பார்க்காமல், எடுத்த கல்லின் துண்டோடு சமையலறைக்குள்ளேயே வைத்துப் பார்க்க வேண்டும். அக்கினி மூலை என்று தென்கிழக்கில் சமையலறை வைத்த வீட்டில் காலை வெயில் எல்லாவற்றுக்கும் பொன்னோட்டம் கொடுக்கும். மாலையில் 6500 கெல்வின் (விளக்கொளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) டியூப்லைட்டைப் போட்டதும் அதே சுவர் நீலத்துக்குச் சாயும். 2700 கெல்வின் பல்பு என்றால் திரும்பவும் மஞ்சள். 4000 பக்கம் ஒரு விளக்கு வைத்துக்கொண்டால் இந்தத் தாவல் குறையும். சன்னலுக்கு வெளியே வேப்பமரம் இருந்தால் பச்சை ஒளி வேறு உள்ளே வரும்.

> லைட் ரிஃப்ளெக்டன்ஸ் வேல்யூ = ஒளி எதிரொளிப்பு மதிப்பு

ஒரு நிறம் தன்மேல் விழும் ஒளியில் எவ்வளவைத் திருப்பி அனுப்புகிறது என்பதன் எண் இது. யாழ்ப்பாணத்து அண்ணா இதற்கு ஏற்கனவே பதில் சொல்லிவிட்டார். தமிழ்நாட்டுப் பாடநூலில் எதிரொளிப்பு, இலங்கைப் பாடநூலில் தெறிப்பு. ஒன்றை எடுத்தால் மற்றவருக்கு அந்நியம். இரண்டு பக்கமும் படித்தவுடன் புரிய ‘மீளொளி எண்’ என்று வைக்கலாமா? கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 100. ஒற்றைச் சன்னல் உள்ள சமையலறையில் மேல் ஷட்டர்களுக்கு மீளொளி எண் அதிகமாக இருக்கட்டும் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். (அண்ணா, கையேட்டில் சமையலறைக்கு உங்கள் ஊர்ச் சொல்லான ‘குசினி’யும் ஒருமுறையாவது வர வேண்டும் என்ற உங்கள் கோரிக்கைக்கு என் ஓட்டு உண்டு.)

ஆக, நான் ஆதரிப்பவை நிறச்சேர்மானம், உடல் நிறம், கரை நிறம், எடுப்பு நிறம், உள்ளோட்டம், மீளொளி எண். டாடோ, ஷட்டர், லேமினேட் மூன்றையும் அப்படியே விட்டுவிடுங்கள். கையேட்டைப் படித்துவிட்டு வீட்டுக்காரர் கடைக்குத்தான் போகப் போகிறார். அங்கே அந்தப் பெயரைச் சொன்னால்தான் பொருள் கையில் கிடைக்கும்.

ஒன்று மட்டும் பாக்கி. கடை வெளிச்சத்தில் லேமினேட்டும் பெயிண்டும் ஒரே நிறமாகத் தெரிந்து, வீட்டு விளக்கில் வேறு வேறாகப் பிரிவதை மெட்டமெரிசம் என்கிறார்கள். ‘போலிப்பொருத்தம்’ என்று மதுரை நண்பர் எழுதியிருந்தார். சட்டென்று புரிகிறது. ஆனால் ‘போலி’ இலக்கணத்தில் வேறு வேலை பார்க்கிறதே, பேராசிரியர் ஐயா ஒத்துக்கொள்வாரா? வேறு சொல் இருந்தால் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள். தம்பி அத்தியாயத்தை முடிக்கக் காத்திருக்கிறார்.

அன்புடன்,
கோவையிலிருந்து